குனியாதீங்க

சங்கிலி அவள் கையில் இருந்தது. சுக்கு அதன் மறுமுனையில் இல்லை.

நாய் இருபதடி தள்ளி நின்றது. அதற்கு முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மகிழினி.

நாலு வயது. அவள் குடியிருக்கும் வீட்டுக்காரரின் பேத்தி. கையில் பாதி தின்ற பன். அழக்கூட மறந்துபோய் நின்றாள்.

குளக்கரை நடைபாதையின் இந்தக் கோடியில் காலை ஆறு மணிக்கு ஈ காக்கை இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் தினமும் ஐந்து நிமிடம் அவிழ்த்துவிடுவாள். நாயைச் சங்கிலியில்லாமல் விடக் கூடாதென்று நுழையும் இடத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஆள் உயரப் பலகை. படிக்கத் தெரியாதவளா? ஐந்து நிமிடம்தானே என்றொரு கொழுப்பு.

இன்றைக்கென்று பார்த்து, வீட்டுக்காரரின் மருமகள் கோகிலா மகளையும் கூட்டிக்கொண்டு நடக்க வந்துவிட்டாள்.

ஓடக் கூடாது. ஓடினால் அதுவும் ஓடும். எந்தப் பக்கம் என்று யார் கண்டது?

கத்தவும் கூடாது.

சுக்குவின் காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. வால் அசையவில்லை. பன்னைப் பார்க்கிறதா, பிள்ளையைப் பார்க்கிறதா, தெரியவில்லை.

சேலத்தில் சிலிண்டர் போட வந்தவர் முன்னாலும் இப்படித்தான் நின்றது. பாவம் அந்த மனிதர், சிலிண்டரை இறக்கி வைக்கக் குனிந்தார். அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழே ஆறு தையல்.

சுக்கு தெருவில் பிறந்தது. யார் குனிந்தாலும் அடுத்து கல் வரும். அதற்குத் தெரிந்த உலகம் அது.

இந்த ஊருக்கு வந்து, நாய் இருக்கிறது என்றதும் மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டில், கோகிலாவின் மாமனார், "கடிக்குமாம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இல்லை என்றாள். வாய் கூசவில்லை. கடித்த கதை தெரிந்தால் வீடு போகும். வீடு போனால் இந்த ஜீவனை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

மரத்தடியிலிருந்து கோகிலா ஓடி வந்தாள்.

"ச்சூ! ச்சூ!"

சுக்கு அசையவில்லை.

நம்மூரில் எல்லோரும் செய்வதைத்தான் கோகிலாவும் செய்யப்போனாள். கல் கிடக்கிறதோ இல்லையோ, கையைத் தரையை நோக்கி இறக்கினாள்.

"குனியாதீங்க!"

கத்தக் கூடாதென்று நினைத்ததெல்லாம் எங்கே போனதோ, கத்தியே விட்டாள்.

கோகிலா பாதி வளைந்தபடி அப்படியே நின்றாள்.

சுக்கு உறுமியது. மெல்ல.

இனி ஒரே வழிதான். சுக்குவுக்கு ஒன்று மட்டும் தாங்காது, அவள் அதை விட்டுவிட்டுப் போவது. குளிக்கப் போனாலும் கதவைப் பிறாண்டும்.

மனசு வரவில்லை. ஆனாலும் செய்தாள்.

பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தொடையில் தட்டினாள். "சுக்குக் குட்டீ... வீட்டுக்குப் போலாமா?" என்று, தினமும் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டாள். நடந்தாள்.

"அக்கா! எங்கீங்க போறீங்க? பாப்பா நிக்கறாளுங்க!"

திரும்பவில்லை. அவள் திரும்பினால் அது நின்றுவிடும்.

மூன்று எட்டு. நாலு.

"அட, மனுசியா நீங்க!"

ஐந்து. கோயில் பக்கமே போகாதவள், தெரிந்த அத்தனை சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டாள். பிள்ளை மேல் கீறல் விழக் கூடாது. ஒரு கீறல் விழக் கூடாது.

ஆறு.

பின்னால் சருகு நொறுங்கியது.

ஏழு.

முழங்காலின் பின்பக்கம் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு.

கொக்கி மூன்றாவது தடவைதான் மாட்டியது.

கோகிலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள். திட்டட்டும், நாலு அறை விட்டாலும் தகும்.

கோகிலா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"உசுரே போயிருச்சுங்க்கா. நான் வேற என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. கூப்பிட்டதும் எப்படி ஓடி வந்துருச்சு பாருங்க! இதுக்குப் போய் இப்படிப் பயந்தனே."

மகிழினியைக் கீழே இறக்கிவிட்டாள்.

"தொட்டுப் பாரு கண்ணு. நம்ம சுக்குதான? ஒண்ணும் பண்ணாது."

பிள்ளை கையை நீட்டிக்கொண்டு வந்தது. பன் ஒட்டிய சின்னக் கை.

சும்மா இருந்தால் போதும். ஒரு சிரிப்பு சிரித்து வைத்தால் போதும். வீடு இருக்கும், சுக்கு இருக்கும், எல்லாம் நேற்று மாதிரியே இருக்கும்.

அவள் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்று சுற்றினாள். சுக்குவைத் தன் காலோடு இழுத்துக்கொண்டாள்.

"தொட வேண்டாம் கோகிலா. கடிக்கும். ஒருத்தரைக் கடிச்சிருக்கு."

கோகிலா பிள்ளையை வெடுக்கென்று இழுத்தாள்.

பன் ஒட்டிய அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எப்பங்க்கா?"

தங்கள் வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்னாலா, பின்னாலா? அதைத்தான் கேட்கிறாள்.

"முன்னாடி" என்றாள்.

கோகிலா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சுக்கு மட்டும் பிள்ளையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.