தூக்கிப் பிடித்த பாட்டில்

குப்புசாமி பாட்டிலைக் கீழே இறக்கிவிட்டான்.

அதுவரை தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்திருந்த உப்புத்தண்ணீர் பாட்டில் கண்மூடித் திறப்பதற்குள் அவன் காலடிக்கு வந்துவிட்டது. ரப்பர் குழாயில் அவன் பெண்டாட்டி பாவாயியின் ரத்தம் பின்னோக்கி ஏறத் தொடங்கியது.

“தூக்கு! மேலே தூக்குடா!” என்று நர்ஸ் அம்சவேணி கத்தினாள்.

அவன் தூக்கவில்லை. ஒரு கையால் தோள் துண்டை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றான். எதிரே அந்த மலையில் பைல் நாட்டுக்கே தலைவரான பெரியகவுண்டர் வந்து நின்றிருந்தார். அவர் முன்னால் ஒருத்தரும் கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாதாம். விறகு சுமந்து வருகிறவள்கூடக் கட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் நிற்பாளாம்.

பெண்டாட்டி உயிர் போகிற நேரத்தில் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

விடிந்ததிலிருந்தே அம்சவேணிக்கு ஆத்திரம்தான். வாந்திபேதி கண்டவளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டு. அதனால் பாவாயியை வெட்டவெளியில், பாறையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். பாட்டிலைத் தொங்கவிடப் பக்கத்தில் மரம் இல்லை. பாறையில் கம்பு நடவும் வழியில்லை. முகாம் டாக்டரின் மடக்குக் கட்டில் ஆள் தலையில் ஏறி மலைக்கு வந்துவிட்டது. பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டு மட்டும் அடிவாரத்தில் காரவள்ளியிலேயே நின்றுவிட்டது. கேட்டால் யுத்த காலமாம், சுமைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். நல்ல கூத்து!

டாக்டரும் காரவள்ளியில்தான் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்ன ஆளிடம், டோலி கிடைத்ததும் வருகிறேன், அதுவரை நர்ஸ் ஊசியைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். நரம்பில் ஊசி ஏற்றுவது டாக்டர் வேலை. நர்ஸ் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுக்கலாம். சட்டம் நல்ல சட்டம்தான். அதற்குள் பாவாயியின் நாடி விரலுக்கே எட்டாமல் போய்க்கொண்டிருந்ததே, அதை எந்தச் சட்டத்திடம் போய்ச் சொல்வது?

சேலத்தில் ஹெட் நர்ஸ் இடம் ஒன்று காலியாகப் போகிறது. இந்த டாக்டர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் அது அம்சவேணிக்குக் கிடைக்கும். இல்லையென்றால் ஆயுசுக்கும் இப்படியே முகாம் முகாமாக அலைய வேண்டியதுதான்.

போனால் போகட்டும் என்று அவளே ஊசியை ஏற்றினாள். நூலாகச் சுருங்கிப் போயிருந்த நரம்பு, குத்திக் குத்தித் தேடித்தான் அகப்பட்டது. பாவாயிக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அதனால் ஊசி ஏறிய கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாதி பாட்டில் இறங்கியதும் பாவாயி கண்ணைத் திறந்தாள். “தண்ணி” என்றாள். அந்த நேரம் பார்த்தா பெரியகவுண்டர் வர வேண்டும்!

“எவரு வந்தா உனக்கென்ன? அந்த அறப்பளீஸ்வரரே எந்திரிச்சு வந்தாலும் கையை எறக்காதே!” என்று அம்சவேணி குப்புசாமியிடம் சீறினாள்.

பெரியகவுண்டர் முன்னால் யாரும் இப்படிக் கத்திச் சுற்றி நின்றவர்கள் கேட்டதில்லை.

பெரியகவுண்டர் அவளைப் பார்த்தார். குழாயில் ஏறுகிற ரத்தத்தையும் பார்த்தார்.

“நீ தூக்கு சாமி. நான் அக்கட்டால போயிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பாறைக்கு அந்தப் பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்துக்கு இறங்கிப் போய்விட்டார்.

குப்புசாமி பாட்டிலைத் தூக்கினான். குழாயில் இருந்த ரத்தம் மெல்ல மெல்லக் கைக்கே திரும்பியது. அம்சவேணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“பெரிய மனுசனைக் கண்டா போதும், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் மறந்து போகும். உடம்பிலேயே ஊறிப் போச்சு உங்களுக்கு.”

குப்புசாமி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியபடியே நின்றான்.

அப்போது பாறையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு நடக்கிற அந்த மலையில் அது ஒருத்தருடைய காலாகத்தான் இருக்க முடியும்.

அம்சவேணி எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்திக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஊசி போட்டது யாரு?” என்றார் டாக்டர்.

“நான்தான் சார். நாடி விழுந்துடுச்சு, அதனாலே...”

“தொடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேனா இல்லையா?”

“சொல்லி அனுப்பினீங்க சார்.”

குப்புசாமி டாக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் விரல்களை ஊன்றிப் பாட்டிலை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டு, அம்சவேணியின் காலடியையே பார்த்தான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“ஏனுங்கம்மா, நான் கையை எறக்கலீங்களே” என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் அழுத்திப் பிடித்திருந்த பாவாயியின் கை, பாறையில் மடங்கிக் கிடந்தது. ஊசி வெளியே வந்து, உப்புத்தண்ணீர் பாறையில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்சவேணி பொத்தென்று உட்கார்ந்தாள். டாக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொதிக்க வைத்திருந்த வேறு ஊசியை எடுத்தாள். பாவாயியின் மறுகையை மடியில் இழுத்து வைத்து நரம்பைத் தேடினாள். அவமானத்தில் காது மடல் எரிந்தது.

“நர்ஸ்! பேசிட்டிருக்கேன் இல்லே? எழுந்திரு!”

அவள் எழுந்திருக்கவில்லை.