நல்லா வந்திருக்கு

இரண்டாவது தடவையாக அடிபம்பின் கைப்பிடி காணாமல் போயிருந்தது.

மீட்டருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சுற்றுச்சூழல் துறையில் இறுதியாண்டு படிக்கிறாள். தண்ணீர் சோதிக்கும் மீட்டர் பையில் இல்லாமல் கேன்டீனுக்குக்கூடப் போகமாட்டாள் என்பதால் வகுப்பில் வைத்த பெயர். அவள் பெயரே அவளுக்கு மறந்துபோகும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எந்தப் பாவி பண்ணின வேலையோ, அவன் கை விளங்காமப் போக" என்றாள், மொட்டையாக நின்ற பம்பைப் பார்த்து.

பம்புக்கு எதிர்வீட்டு அக்கா ஆமாம் போட்டாள். இடுப்பில் குழந்தை, கையில் காலிக் குடம். கைப்பிடி போனதிலிருந்து மறுபடியும் மெயின் ரோட்டுக் குழாய்க்குத்தான் நடக்கிறாளாம். போக அரை மணி, வர அரை மணி. குடம் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம் என்று இடுப்பே விட்டுப்போகிறது என்றாள்.

"இந்தத் துண்டு இரும்புல அவனுக்கு என்னம்மா கிடைச்சிடப் போகுது?"

அவனுக்குக் கிடைப்பது இருக்கட்டும், மீட்டருக்குப் போகப்போவது கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஓர் இடம் தருகிறது. இரண்டு வருடப் படிப்பு, தங்குமிடம், ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே இடத்துத் தண்ணீரை மாதம் தவறாமல் பன்னிரண்டு மாதம் சோதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு மாதம் விட்டாலும் விண்ணப்பம் குப்பைக்குப் போகும்.

பத்து மாதம் முடித்துவிட்டாள். பத்தாவது மாத முடிவைப் பார்த்துவிட்டுப் பேராசிரியை ஆய்வகத்திலேயே வகுப்பைக் கைதட்டச் சொன்னார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. நம்ம துறையில இதுவரைக்கும் யாருக்கும் இப்படி வந்ததில்லை. வருஷம் முடியற வரைக்கும் வெளியில மூச்சு விடாதே, இடம் உனக்குத்தான்" என்றார்.

அதற்கு மறுவாரம்தான் முதல் கைப்பிடி போனது. மெக்கானிக் வீட்டுக்கு நடையாய் நடந்து புதிதாக ஒன்று போடவைத்தாள். நாலு நாள்கூடத் தாங்கவில்லை. பதினோராவது மாதத் தண்ணீர் எடுக்க இன்றுதான் கடைசி நாள்.

பெரிய ஸ்பானர் இருந்தால் கைப்பிடி இல்லாமலே தம்கட்டி இழுத்துவிடலாம் என்று தோன்றியது. காலி பாட்டில்களோடு கல்லூரிக்கு ஓடினாள்.

ஆய்வகத்தில் பாட்டில் அண்ணன் வழக்கம்போல் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவர் வேலை. ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் அவளோடு பம்புக்கு வருவதும் அவர்தான். இன்று மட்டும் முதுகுவலி என்று நின்றுவிட்டார்.

பாட்டில் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து ஸ்பானர் தேடினாள். பாட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கோணி இருந்தது. இழுத்துப் பிரித்தாள்.

உள்ளே இரண்டு கைப்பிடிகள்.

"என்னண்ணே இது?"

அவர் குழாயை மூடினார். மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"நான்தான் கழட்டினேன் பாப்பா."

மீட்டர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். இப்போதே முதல்வரிடம் போவேன், ஆறு மாதத்தில் வரவேண்டிய பென்ஷன் வராமலே போகும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே."

"போன மாசம் அந்தக் கைக்குழந்தைக்காரங்க உங்ககிட்ட ஒண்ணு கேட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பம்புத் தண்ணீர் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று மெயின் ரோட்டுக்கு அலைந்துகொண்டிருந்த அக்கா, எங்க தண்ணி எப்படிம்மா இருக்கு என்று கேட்டாள். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே மீட்டர் சொன்னாள், இதுவரைக்கும் ரிசல்ட் நல்லா வந்திருக்குக்கா.

"மறுநாள்லேர்ந்து அவங்க அலையறதை விட்டுட்டாங்க. குழந்தைக்கும் அந்தத் தண்ணிதான்" என்றார் பாட்டில் அண்ணன்.

"நான் டெஸ்ட்டைத்தான் சொன்னேன்." வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கோபத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏன், நீங்களே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. காலேஜ் பொண்ணே நல்லா வந்திருக்குன்னுடுச்சு, பாட்டில் கழுவறவருக்கு என்ன தெரியும்னு சிரிச்சாங்க."

அவர் குழாயைத் திறந்து அடுத்த பாட்டிலை எடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா. நல்லா வந்திருக்குன்னு இந்த ரூம்ல கைதட்டினா, அந்தத் தண்ணியில விஷம்னு அர்த்தம்."