பருந்துப் பாடம்

புளியமரப் பொந்தில் குடியிருந்த மைனாக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இறக்கை முளைத்த குஞ்சு தினமும் காலையில் எதிரிகளின் பேரையெல்லாம் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மரத்தை விட்டுப் பறக்க அனுமதி.

கடைக்குட்டிக்கு 'ர' மட்டும் வாயில் நுழையவில்லை. "பாம்பு, பூனை, பலுந்து" என்று தினமும் உற்சாகமாக ஒப்பிப்பான்.

"பலுந்தாம், பலுந்து! பக்கத்துக் கிளையில சிரிக்கிறாங்கடா," என்று தகப்பன் மைனா எரிந்து விழுவான். "நாக்கை மேலே தூக்கிச் சொல்லு. ப-ரு-ந்து!"

"விடுங்களேன். பெரியவளும் இப்படித்தான் சொல்லிட்டு இருந்தா. இப்ப பேசலையா?" என்பாள் தாய் மைனா. மூன்று முறை குஞ்சு பொரித்து வளர்த்தவள் அவள். அந்த எழுத்து எப்போதுமே கடைசியில்தான் வரும், தானாகவே வரும் என்று அவளுக்குத் தெரியும். தகப்பன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒருநாள் காலை, பாடம் ஆரம்பிக்கும் முன்பே குஞ்சு அலறினான்.

"அப்பா, பலுந்து!"

தாய்க்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது. குஞ்சை இழுத்துக்கொண்டு பொந்துக்குள் பாய்ந்தாள்.

தகப்பன் கிளையை விட்டு நகரவில்லை. வானத்துக்கு முதுகைக் காட்டியபடி பொந்தைப் பார்த்துக் கத்தினான்.

"மறுபடியும் அதே தப்பு! வெளியே வா. சரியாச் சொல்ற வரைக்கும் இன்னைக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. ஒரு நொடி கழித்துத் தகப்பனின் குரல் கேட்டது.

"பருந்து!"

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனால் குரல் மட்டும் மரத்துக்கு வெகு உயரத்திலிருந்து வந்தது.