ஆறு ஓம் வழி

பெனடிக்டா டீச்சர் கரும்பலகையில் இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் வரைந்தார்: ஒன்று மூன்று ஓம், மற்றது ஆறு. தொகுபயன் மின்தடை இரண்டு ஓம். மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஆறு ஓம் வழியாகப் போனது.

"இவ்ளோ கம்மியாத்தான் போகுதுன்னா அது எதுக்கு டீச்சர்? எடுத்துடலாமே," என்றாள் முதல் பெஞ்சு மகிழினி.

டீச்சரின் சாக்பீஸ் நின்றது. அவர் போயிருந்த கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்த அன்று, கூட்டம் முழுக்க வாசலில் சிக்கித் திணறியபோது, சமையல்கார அம்மா ஒருவர் பின்பக்கத்து ஒடுக்கமான கதவை உதைத்துத் திறந்தார். கொஞ்சம் பேர்தான் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வாசலில் நின்றவர்களுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. அந்த அம்மாவின் பெயர்கூட டீச்சருக்குத் தெரியாது.

ஆறு ஓமின் நெளிகோட்டை இன்னொரு முறை அழுத்தி வரைந்தார்.

"இருக்கட்டும்மா. அந்தக் கொஞ்சத்துல நானும் ஒருத்தி."