தவழ்ற வரைக்கும்

வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு, அன்புக்கரசி செல்போனில் பொம்மைப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

துணைக்கு இருக்கலாம் என்று சாணார்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார் மணிமேகலைக்கு இது முதல் நாளே பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் படிக்கும்போது வேன் கவிழ்ந்ததில் அன்புக்கரசிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிதான். அதில் இருந்தபடியே சமைப்பாள், துவைப்பாள், இ-சேவை மையத்துக்கு வேலைக்கும் போய் வந்தாள். ஆனால் பிள்ளை வளர்ப்பது வேறு சங்கதி என்பது மணிமேகலையின் கட்சி.

அந்த விளையாட்டில் வீடு கட்டலாம், குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். அன்புக்கரசி மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, பிள்ளை விளையாடுகிற இடத்தை மட்டும் கட்டுவதும் கலைப்பதுமாக இருந்தாள். அதில் சக்கர நாற்காலி கிடையாது. அதனால் அம்மா பொம்மையை எழுந்திருக்கவே விடாமல் சாதா நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, பிள்ளையைத் தவழ விட்டாள்.

மணிமேகலை பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"இந்தா, அடுப்படிக்குப் போயிருச்சு. உக்காந்த மேனிக்கு எப்படிப் பிடிப்பே?"

அன்புக்கரசி அடுப்படி வாசலில் சின்னதாக ஒரு கேட் வைத்தாள்.

மறுநாள் வேறு கேள்வி. தரையில் கிடந்து அழுதால் குனிந்து தூக்க முடியுமா என்று. அன்புக்கரசி தரைவிரிப்பை எடுத்துவிட்டு, நாற்காலியின் முன்பக்கம் அடியில் நுழைகிற மாதிரி முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை போட்டாள். உருண்டு விழுந்தால் என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி வந்தது. நாற்காலி நுழைகிற பக்கம் போக, மேடையைச் சுற்றித் தடுப்பு வைத்தாள். கீழே இறங்கின பிள்ளை உன்னிடம் எப்படி வரும் என்றாள் மணிமேகலை. தரையிலிருந்து மேடைக்கு ஒரு சரிவுப் பாதை வந்தது.

செல்போனில் இடம் நன்றாகத்தான் அமைந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அன்புக்கரசியை முள்ளாகக் குத்தியது. இவளால் முடியாது என்று சொல்வதற்கு இத்தனை வழியா என்று புருஷனிடம் சொல்லி அழுதாள்.

புருஷன் இளஞ்செழியனுக்குத் தாடிக்கொம்பு ரோட்டில் கிரில் பட்டறை. செல்போனில் இருந்த மேடையைப் பார்த்து அசந்துபோனான். இதே மாதிரி செய்து தருவதாகச் சொன்னான். அடுத்த வாரம் என்றான். ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேட் முடியட்டும் என்றான். ஒன்பதாம் மாதமும் வந்துவிட்டது. ஒரு பைப்கூட வீட்டுக்கு வரவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது மணிமேகலை பேச்சை எடுத்தாள்.

"தம்பி, புள்ள தவழ்ற வரைக்கும் நீங்க வச்சுக்கங்க. தவழ ஆரம்பிச்சுட்டா இவளால வெரட்டிப் பிடிக்க ஏலாது. நான் தூக்கிட்டுப் போயிர்றேன். பள்ளிக்கூடம் சேக்குற வயசுல கொண்டாந்து விடுறேன்."

அன்புக்கரசி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எம்புள்ளைய நாந்தான் வளப்பேன் மதினி."

"பாப்போம்."

விடிந்ததும் இளஞ்செழியன் பட்டறையைச் சாத்திவிட்டு, வெல்டிங் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். பெண்டாட்டியை நாற்காலியோடு நிறுத்தி அளவெடுத்தான். செல்போனில் இருந்தபடியே மேடை, தடுப்பு, கேட், சரிவு எல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்தன.

பெண் பிறந்தாள். ஜீவிதா என்று பெயர் வைத்தார்கள். எட்டாம் மாதம் தவழ ஆரம்பித்தாள்.

பேறுகாலம் முடிந்து ஊருக்குப் போயிருந்த மணிமேகலை, சேதி கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கினாள். அன்புக்கரசி பிள்ளையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மணிமேகலை பையைக் கீழே வைத்தாள். அம்மா மடியிலிருந்து ஜீவிதாவை வாங்கி, கூடத்தின் அந்தக் கோடியில் இறக்கிவிட்டாள்.

"கூப்பிடாத. கையும் நீட்டாத. இவ வாராளான்னு பாப்போம்."

ஜீவிதா முதலில் அடுப்படிப் பக்கம்தான் போனாள். கேட் மறித்தது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வாசலுக்குத் திரும்பினாள். அங்கேயும் கேட். உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இளஞ்செழியன் ஓரடி எடுத்து வைத்தான். அக்கா பார்த்த பார்வையில் நின்றுவிட்டான்.

அழுகை தானாக நின்றது. ஜீவிதா சரிவைப் பார்த்தாள். ஏறினாள். பாதியில் வழுக்கிக் கீழே வந்தாள். மறுபடி ஏறினாள். மேடை முழுக்கத் தவழ்ந்து கடந்து, மறுமுனையில் நாற்காலியோடு இருந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து, பொத்தென்று மடியில் வந்து விழுந்தாள்.

அன்புக்கரசி அவளை அப்படியே அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் வெரட்டவே இல்ல மதினி. அவளே வந்துட்டா."

மணிமேகலைக்குக் கண் கலங்கிவிட்டது. இளஞ்செழியனுக்கோ இத்தனை மாதக் கோபம்.

"இப்பவாச்சும் ஒத்துக்கிறியாக்கா? வயித்துப் பிள்ளக்காரிய நீ கேட்ட கேள்வி கொஞ்சமா?"

"கேக்காம? இவ மத்தியானம் படுத்துத் தூங்குறப்பல்லாம் நான் அந்த நாற்காலில ஏறி உக்காந்து வீட்டைச் சுத்திப் பாத்தேன். எங்கெங்க எனக்கு முடியாமப் போச்சோ, அதத்தான் இவகிட்டக் கேட்டேன்."

அன்புக்கரசி நாற்காலியை மதினி பக்கம் திருப்பினாள்.

"அப்பறம் எதுக்கு மதினி புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்னு சொன்னீங்க?"

மணிமேகலை தம்பியைக் கைகாட்டினாள்.

"ஊருக்கெல்லாம் கேட் அடிக்கிறவன், நான் அப்படிச் சொல்லலேன்னா சொந்த வீட்டுக்கு அடிச்சிருப்பானா?"