பாப்பாவுக்கு உயரும் கூரை

எனக்கு நினைவு பிசகியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்தப் பேசும் படிப்பறை வந்த முதல் நாள், அதில் உட்கார்ந்து படம் வரைந்தது நான்தான். தங்கை யாழ்மொழி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கற்பனை செய்கிறவருக்கு அந்த அறை கூரையை உயர்த்தித் தரும். மனப்பாடம் செய்கிறவருக்குத் தாழ்த்தும். அன்று கூரை உயர்ந்தது. "இது யார்?" என்று என்னைப் பற்றி அறை கேட்டது.

"எங்க பாப்பா," என்றார் அப்பா.

தங்கை நடக்கத் தொடங்கியதும் நான் பெரியவள் ஆனேன். அவள் பாப்பா ஆனாள். அந்தப் பெயர் அறையின் காதில் விழுந்தாலே கூரை எழும்பியது. அவள் கிறுக்கியதையெல்லாம் சட்டம்போட்டு மாட்டினார்கள். நான் வரைய உட்கார்ந்தால் கூரை உச்சந்தலைவரை இறங்கியது.

ஒருமுறை கெஞ்சினேன். "என்னையும் பாப்பான்னு கூப்பிடும்மா."

"கழுத வயசாச்சு, இன்னும் பாப்பாவாம்!" என்று அம்மா சிரித்தாள். மடியிலிருந்த தங்கையும் சிரித்தாள். அவர்களுக்கு மேலே கூரை உயர்ந்தது.

யாழ்மொழி இப்போது கட்டடங்களை வடிவமைக்கிறாள். நான் அவளுடைய வரைபடங்களில் அளவுகளைச் சரிபார்க்கிறேன். அப்பா இறந்துவிட்டார். அம்மா அந்த அறையில்தான் படுக்கிறாள். அவளுக்காகக் கூரை ஒருபோதும் அசைந்ததில்லை.