மறுதேடல்

பைரோஸும் வேதநாயகமும் நான்கு வருடம் சேர்ந்து எழுதிய செஸ் இன்ஜின், அதாவது தானே செஸ் ஆடும் கணினி நிரல், போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கும் நிலையில் இருந்தது. இன்னும் ஒரு படி ஆழமாகத் தேடியதும், அது காட்டிய மதிப்பெண் படுதோல்வியைக் குறிக்கும் மைனஸுக்குச் சரிந்தது. காயை நகர்த்தாமல், மிச்ச நேரத்தைத் தின்றபடி அது வேறு வழி தேடத் தொடங்கியது.

“நேரம் போகுதுடே, நிறுத்து!” என்று வேதநாயகம் விசைப்பலகைக்குக் கையை நீட்டினான்.

“தொடாத. அது தேடட்டும்.”

கை நிற்கவில்லை. பைரோஸ் அதைப் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது. வேதநாயகம் மறு கையால் எஃகுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் வாயில் குத்தினான். ஒரு பல் தரையில் தெறித்தது.

திரையில் இன்ஜின் தன் யானையைப் பலிகொடுத்தது. மதிப்பெண் பூஜ்யத்துக்கு ஏறி நின்றது.

“ஆட்டம் டிரா ஆயிட்டுடே,” என்றான் பைரோஸ், முறிந்த கையை இன்னும் பிடித்தபடி ரத்தத்தைத் துப்பி.

“பாத்துட்டேன். கைய விடு.”

பைரோஸ் விடவில்லை.